பெரிய ஏரியில் முதல் தூண்டில்: ஒரு மூலை போதும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஒக்கிசோபி ஏரி சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். பாஸ் மீன் பிடிக்க முதல்முறை போகிறவர் அதில் அலைந்தால் நாள் வீணாகும். வரைபடத்தில் மேற்குக் கரையோரம் கோரையும் நாணலும் அடர்ந்த ஏதாவது ஒரு பகுதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி ஆழம் ஏறக்குறைய 9 அடிதான், அதனால் பாஸ் பதுங்குவது செடிகளுக்குள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். முட்டையிடக் கரையோரம் ஒதுங்கும் பருவம் அது. தூண்டில் முள்ளின் நுனியை, இரையாகப் போடும் பிளாஸ்டிக் புழுவின் உடலுக்குள் புதைத்துக் கட்டுங்கள். செடியில் மாட்டாமல் நழுவி வரும்.

"குறித்த இடத்தில் மீனே இல்லாவிட்டால்?" என்பது நியாயமான கேள்வி. இடத்தை மாற்றுமுன் இரையை மாற்றுங்கள், இழுக்கும் வேகத்தைக் குறையுங்கள். படகு ஓடும் நேரத்தில் தூண்டில் தண்ணீரில் இருப்பதில்லை. வழிகாட்டிக்குப் பணம் எதற்கு என்று தோன்றினாலும் முதல் அரைநாளுக்காவது ஒருவரை அமர்த்துங்கள். நேற்று மீன் எங்கே கடித்தது என்பது வரைபடத்தில் இருக்காது. காற்று வலுத்தால் உடனே கரை திரும்புங்கள். ஆழம் குறைந்த ஏரியில் அலை சட்டென எழும், நீரும் கலங்கும். மீன்பிடி உரிமத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வெளியூர்க்காரருக்கும் அது கட்டாயம்.