இராணுவ ஆட்சியிலிருந்து சனநாயகத்திற்கு: சிலி நாட்டின் அனுபவம்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியல், வரலாறு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு



"இராணுவ ஆட்சி நிலவும் ஒரு நாட்டில் சனநாயகத்தை மீள ஏற்படுத்துவது எவ்வாறு?" என்ற வினாவைக் கண்டதும் உங்களிற் பலர் "தேர்தல் நடத்த வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறீர்கள். இவ்விடை பிழையன்று. ஆனால் இது அரைவாசி விடையே ஆகும். வாக்கெடுப்பில் வெல்வது வேறு. ஆட்சி கைமாறுவது வேறு. மக்கள் தெரிவு செய்த அரசாங்கத்திற்கு இராணுவம் கீழ்ப்படிவது வேறு. இம்மூன்று படிகளும் நிறைவேறும்போதே சனநாயகம் மீண்டது எனக் கூறலாம்.

தென்னமெரிக்க நாடான சிலியில் இம்மூன்று படிகளையும் தெளிவாகக் காணலாம். அங்கு முதற்படி 1988இலும், இரண்டாம் படி 1990இலும், மூன்றாம் படி 2005இலும் நிறைவேறின. அதாவது முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குச் செல்ல 17 ஆண்டுகள் பிடித்தன. ஏன் இவ்வளவு காலம் சென்றது என்பதைப் புரிந்துகொண்டால் இப்பாடம் முழுவதும் உங்களுக்கு விளங்கிவிடும்.

1. அறிந்திருக்க வேண்டிய எண்ணக்கருக்கள்

இராணுவச் சதி – சட்டபூர்வமான அரசாங்கத்தைப் படைகள் பலாத்காரமாகக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றுதல்.

சர்வசன வாக்கெடுப்பு – ஒரு குறிப்பிட்ட விடயம் பற்றி மக்களிடம் "ஆம்" அல்லது "இல்லை" என நேரடியாகக் கேட்டல். எமது நாட்டில் பாராளுமன்றத்தின் பதவிக்காலத்தை நீடிப்பதற்காக 1982 டிசெம்பரில் நடத்தப்பட்டது இவ்வகையைச் சார்ந்தது.

சிவில் கட்டுப்பாடு – முப்படைகளும் மக்கள் தெரிவு செய்த அரசாங்கத்தின் ஆணைக்கு உட்பட்டு இயங்குதல்.

2. சனநாயகம் வீழ்ந்த விதம்

சிலி நீண்டகாலத் தேர்தல் மரபைக் கொண்ட நாடாகும். 1970இல் நடைபெற்ற தேர்தலில் இடதுசாரிக் கூட்டணியைச் சேர்ந்த சல்வடோர் அலெண்டே சுமார் 36 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பெற்று, காங்கிரஸ் எனப்படும் சட்டசபையின் அங்கீகாரத்துடன் சனாதிபதியானார். செப்புச் சுரங்கங்கள் 1971இல் தேசியமயமாக்கப்பட்டன. நாளடைவில் பணவீக்கம் கடுமையாக உயர்ந்தது. பொருட் தட்டுப்பாடும் வேலைநிறுத்தங்களும் ஏற்பட்டன. ஐக்கிய அமெரிக்கா அலெண்டேயின் எதிராளிகளுக்கு இரகசியமாக நிதி வழங்கியமை பின்னர் 1975இல் அந்நாட்டு செனற் சபைக் குழுவொன்றின் விசாரணையில் வெளிவந்தது. நாட்டு மக்கள் ஒருவரையொருவர் பகைவராக நோக்கும் அளவிற்குப் பிளவுபட்டனர்.

1973 செப்டெம்பர் 11 அன்று முப்படைகளும் பொலிஸ் படையும் இணைந்து ஆட்சியைக் கைப்பற்றின. தலைநகர் சன்டியாகோவில் இருந்த லா மொனேடா எனும் சனாதிபதி மாளிகை மீது போர் விமானங்கள் குண்டு வீசின. அலெண்டே அன்றே அம்மாளிகையில் உயிரிழந்தார். தரைப்படைத் தளபதி ஜெனரல் அகஸ்டோ பினோசே ஆட்சித் தலைவரானார்.

3. இராணுவ ஆட்சியின் இயல்புகள்

• சட்டசபை கலைக்கப்பட்டது.
• முதலில் இடதுசாரிக் கட்சிகளும், 1977இல் ஏனைய கட்சிகளும் தடை செய்யப்பட்டன.
• வாக்காளர் இடாப்புகள் அழிக்கப்பட்டன.
• இரகசியப் பொலிஸ் அமைக்கப்பட்டது. கைது, சித்திரவதை, காணாமற் போகச் செய்தல் என்பன இடம்பெற்றன.
• பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் கட்டுப்படுத்தப்பட்டன.

இவ்வாட்சிக் காலத்தில் 3000இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர் எனப் பிற்கால அரச ஆணைக்குழுக்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. சிறையிலிடப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானோராக சுமார் 38,000 பேர் அங்கீகரிக்கப்பட்டுள்ளனர்.

1980இல் பினோசே புதிய அரசியலமைப்பொன்றைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விட்டார். வாக்காளர் இடாப்பே இல்லாமல் நடைபெற்ற அவ்வாக்கெடுப்பு நீதியானதன்று. ஆயினும் அவ்வரசியலமைப்பில் இருந்த ஓர் ஏற்பாடு பிற்காலத்தில் முக்கியமாயிற்று. எட்டு ஆண்டுகளின் பின்னர் படைத் தளபதிகள் பெயரிடும் ஒரே வேட்பாளரை மக்கள் ஏற்கின்றனரா என வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும் என்பதே அது.

4. எதிர்ப்பு வளர்ந்த விதம்

(அ) மனித உரிமை முயற்சிகள்: கத்தோலிக்கத் திருச்சபை 1976இல் ஓர் உதவி அமைப்பை உருவாக்கியது. அது பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி வழங்கியதுடன் ஒவ்வொரு சம்பவத்தையும் எழுத்தில் பதிவு செய்தது. காணாமற் போனோரின் தாய்மாரும் மனைவியரும் அவர்களின் புகைப்படங்களை நெஞ்சிற் குத்திக்கொண்டு, "அவர்கள் எங்கே?" எனக் கேட்டு வீதிக்கு வந்தனர்.

(ஆ) மக்கள் போராட்டங்கள்: 1982இல் நாட்டின் உற்பத்தி சுமார் 14 சதவீதத்தால் வீழ்ந்தது, வேலையின்மை பெருகியது. 1983 மே மாதத்தில் செப்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பின் பேரில் முதலாவது தேசிய எதிர்ப்பு நாள் இடம்பெற்றது.

(இ) ஆயுதப் போராட்டம்: 1986 செப்டெம்பரில் ஓர் ஆயுதக் குழு பினோசேயைக் கொல்ல முயன்றது. மெய்ப்பாதுகாவலர் ஐவர் இறந்தனர், பினோசே தப்பினார். அடக்குமுறை மேலும் இறுகியது. வேறு வழி தேட வேண்டும் என்ற எண்ணம் எதிர்க்கட்சிகளிடையே வலுப்பெற்றது.

5. முதற்படி: 1988 வாக்கெடுப்பு

எதிர்க்கட்சிகள் முன் கடினமான கேள்வி ஒன்று நின்றது. சர்வாதிகாரி எழுதிய சட்டத்தின்படி, சர்வாதிகாரி நடத்தும் வாக்கெடுப்பிற் பங்குபற்றலாமா? பங்குபற்றினால் அவரது அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டதாகும். மோசடி நடந்தால் தோல்வியும் வந்து சேரும். புறக்கணித்தால் பினோசே போட்டியின்றி மேலும் எட்டு ஆண்டுகள் ஆள்வார். நீண்ட விவாதத்தின் பின் பெரும்பாலான கட்சிகள் பங்குபற்றத் தீர்மானித்தன.

அவை வெற்றி பெற்றமைக்கான காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1) ஒற்றுமை – 1988 பெப்ரவரியில் பத்துக்கும் மேற்பட்ட கட்சிகள் "இல்லை" வாக்குக்காக ஒரே கூட்டணியில் இணைந்தன. இதில் அலெண்டேயின் சோசலிசவாதிகளும், 1973இல் அவரைக் கடுமையாக எதிர்த்த கிறிஸ்தவ சனநாயகக் கட்சியினரும் இருந்தனர். நேற்றைய எதிரிகள் பொது நோக்கத்திற்காக ஒன்றுசேர்ந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

2) வாக்காளர் பதிவு – 1985இல் அரசியலமைப்பு நீதிமன்றம், சுயாதீனமான தேர்தல் நீதிமன்றத்தின் மேற்பார்வையிலேயே வாக்கெடுப்பு நடைபெற வேண்டும் எனத் தீர்த்தது. 1987இல் புதிய இடாப்பு திறக்கப்பட்டதும் 70 இலட்சத்திற்கும் அதிகமானோர் தம்மைப் பதிவு செய்தனர்.

3) பிரசாரம் – இரு தரப்பினருக்கும் ஒவ்வோர் இரவும் தொலைக்காட்சியில் 15 நிமிடங்கள் வழங்கப்பட்டன. "இல்லை" தரப்பினர் கடந்தகாலத் துயரத்தை மட்டும் கூறாமல், வானவில்லைச் சின்னமாகக் கொண்டு, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையை ஊட்டினர்.

4) கண்காணிப்பு – வாக்களிப்பு நிலையங்களுக்குத் தமது முகவர்களை அனுப்பி, முடிவுகளைத் தாமே திரட்டித் தனியாக எண்ணினர். ஆகவே முடிவை மறைப்பது கடினமாயிற்று.

1988 ஒக்டோபர் 5 அன்று வாக்கெடுப்பு நடைபெற்றது. செல்லுபடியான வாக்குகளில் சுமார் 56 சதவீதம் "இல்லை", 44 சதவீதம் "ஆம்". அன்றிரவு அரசாங்கம் முடிவுகளை வெளியிடத் தாமதித்தது. நள்ளிரவின் பின் விமானப்படைத் தளபதி பெர்னாண்டோ மத்தேய் சனாதிபதி மாளிகைக்குள் நுழையும்போதே "இல்லை" தரப்பு வென்றுவிட்டதாக ஊடகவியலாளரிடம் கூறினார். ஆட்சிக்குழுவே ஒருமனப்படாத நிலையில் பினோசே முடிவை ஏற்க வேண்டியதாயிற்று.

குறிப்பு: 44 சதவீதத்தினர் பினோசேயை ஆதரித்தனர் என்பதையும் மறவாதீர்கள். இராணுவ ஆட்சி துப்பாக்கியால் மட்டும் நிலைப்பதில்லை. அச்சம், நலன் முதலிய காரணங்களால் அதனை விரும்புவோரும் உளர். புதிய அரசாங்கம் அவர்களையும் ஆள வேண்டியிருந்தது.

6. இரண்டாம் படி: ஆட்சி கைமாறல்

1989 ஜூலையில் பேச்சுவார்த்தையின் பயனாக 54 அரசியலமைப்புத் திருத்தங்கள் சர்வசன வாக்கெடுப்பில் நிறைவேறின. 1989 டிசெம்பர் 14 தேர்தலில் கூட்டணியின் வேட்பாளர் பட்றீசியோ எயில்வின் சுமார் 55 சதவீத வாக்குகளைப் பெற்றார். 1990 மார்ச் 11 அன்று பினோசேயிடமிருந்து ஆட்சியைப் பொறுப்பேற்றார்.

பெரும்பாலான மாணவர்கள் விடையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றனர். புள்ளிகளை இழப்பதும் இவ்விடத்திலேயாகும்.

7. எஞ்சியிருந்த தடைகள்

• பினோசே 1998 மார்ச் வரை தரைப்படைத் தளபதியாகவே இருந்தார். அவரைப் பதவி நீக்கச் சனாதிபதிக்கு அதிகாரம் இருக்கவில்லை.
• செனற் சபையில் தெரிவு செய்யப்படாத நியமன உறுப்பினர் ஒன்பது பேர் இருந்தனர்.
• 1978ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டம் இராணுவத்தினரைத் தண்டனையிலிருந்து பாதுகாத்தது.
• அரச செப்புக் கூட்டுத்தாபனத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதம் நேரடியாகப் படைகளுக்குச் சென்றது. இச்சட்டம் 2019இலேயே நீக்கப்பட்டது.

எயில்வின் 1990இல் உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழுவை நியமித்தார். அதன் அறிக்கை வெளியானபோது, 1991 மார்ச்சில், தொலைக்காட்சியில் தோன்றி அரசின் சார்பாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் மன்னிப்புக் கோரினார். ஆனால் குற்றவாளிகளைத் தண்டிப்பது மெதுவாகவே நகர்ந்தது. இராணுவத்தைச் சீண்டினால் மீண்டும் சதி நிகழலாம் என ஒரு சாராரும், நீதியில்லாத சனநாயகம் வெறும் பெயரளவே என மற்றொரு சாராரும் வாதிட்டனர். இரு வாதங்களையும் எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

1998 ஒக்டோபரில் ஸ்பானிய நீதிபதி ஒருவரின் பிடியாணையின் பேரில் பினோசே லண்டனிற் கைது செய்யப்பட்டார். உடல்நிலை காரணமாக 2000 மார்ச்சில் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டார். சிலி நீதிமன்றங்களும் வழக்குகளைத் தொடங்கின. எனினும் தீர்ப்பு எதுவும் பெறாமலே 2006 டிசெம்பர் 10 அன்று அவர் இறந்தார்.

8. மூன்றாம் படி: சிவில் கட்டுப்பாடு

2005ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நியமன செனற்றர் பதவிகளை ஒழித்தன. படைத் தளபதிகளை நீக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு வழங்கின. 2006 மார்ச்சில் மிச்செல் பச்சலே சனாதிபதியானார். இவரது தந்தையான விமானப்படை ஜெனரல், சதியை எதிர்த்தமையால் சிறையிடப்பட்டுச் சித்திரவதையின் பின் 1974இல் இறந்தவர். பச்சலேயும் தாயும் 1975இல் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். அவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவர் முதலில் பாதுகாப்பு அமைச்சராகவும் பின்னர் சனாதிபதியாகவும் பதவி வகித்தபோது படைகள் அவரது ஆணைக்குக் கீழ்ப்படிந்தன.

எனினும் அடிப்படை அரசியலமைப்பு 1980ஆம் ஆண்டினதே. அதனை மாற்ற முன்வைக்கப்பட்ட இரு வரைவுகளை மக்கள் 2022இலும் 2023இலும் நிராகரித்தனர்.

9. ஒப்பீடு: மியன்மார்

மியன்மாரில் 1990 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி 392 ஆசனங்களை வென்றும் இராணுவம் ஆட்சியைக் கையளிக்கவில்லை. அதாவது இரண்டாம் படி நிகழவில்லை. 2008 அரசியலமைப்பு பாராளுமன்றத்தின் 25 சதவீத ஆசனங்களை இராணுவத்திற்கு ஒதுக்கியது. முக்கிய திருத்தங்களுக்கு 75 சதவீதத்திற்கும் அதிகமான ஆதரவு தேவை எனவும் கூறியது. ஆகவே இராணுவம் விரும்பாத திருத்தம் எதுவும் நிறைவேற முடியாது. 2015 தேர்தலில் வென்று அக்கட்சி 2016இல் ஆட்சி அமைத்தது. 2020இலும் அது வென்றபின், 2021 பெப்ரவரி 1 அன்று இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்றாம் படி இல்லாதபோது முதல் இரு படிகளும் சரிந்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: "தேர்தல் மட்டும் சனநாயகத்தை மீட்டுத் தராது." உதாரணத்துடன் விளக்குக.

விடை: தேர்தல் சனநாயகத்தின் தொடக்கமே ஆகும். சிலியில் 1988 வாக்கெடுப்பில் மக்கள் இராணுவ ஆட்சியை நிராகரித்து, 1990இல் ஆட்சி கைமாறியது. எனினும் பினோசே தளபதியாக நீடித்தமை, நியமன செனற்றர்கள், மன்னிப்புச் சட்டம் ஆகியவற்றால் மக்கள் அரசாங்கத்தின் அதிகாரம் மட்டுப்பட்டிருந்தது. 2005 திருத்தங்களின் பின்னரே படைகள் மீதான சிவில் கட்டுப்பாடு உறுதியாயிற்று. மாறாக மியன்மாரில் இக்கட்டுப்பாடு ஏற்படாமையால் 2021இல் சனநாயகம் மீண்டும் வீழ்ந்தது. எனவே தேர்தலுடன் அதிகாரக் கைமாற்றமும் சிவில் கட்டுப்பாடும் அவசியமாகும்.

11. பயிற்சி வினாக்கள்

1) சர்வசன வாக்கெடுப்பு என்றால் என்ன?
2) 1988இல் "இல்லை" தரப்பு வென்றமைக்கான காரணங்கள் நான்கு தருக.
3) 1980 வாக்கெடுப்புக்கும் 1988 வாக்கெடுப்புக்கும் இடையிலான வேறுபாடுகளை எழுதுக.
4) "அமைதிக்காக நீதியைத் தாமதிக்கலாம்." இக்கூற்றுப் பற்றிய உமது கருத்தைக் காரணங்களுடன் முன்வைக்குக.

நான்காம் வினாவுக்கு ஒரே சரியான விடை என ஒன்றில்லை. நீங்கள் எப்பக்கம் நின்றாலும், புகைப்படத்தை ஏந்தி நின்ற அத்தாய்மாருக்கு உங்கள் விடை என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை சிந்தித்துவிட்டு எழுதுங்கள். காரணங்கள் தெளிவாக இருப்பின் புள்ளிகள் தாமாகவே வரும்.