நூலும் பசையும் ராக்கெட்டும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பலபடி வேதியியல் பாடம் தொடங்கிய அன்று கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் போட்டேன். ‘வலிமையானவை’ என்ற கட்டத்தில் இரும்பு, அலுமினியம், தாமிரம் என எழுதினேன். ‘வலிமை குறைந்தவை’ என்ற கட்டத்தில் நெகிழி என எழுதினேன்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், எங்கப்பா ஒட்டுற பைபரு சுத்தியால தட்டினாக்கூட உடையாது. அதுவும் பிளாஸ்டிக்தான சார்?”

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். “அது வேற, இது வேற. போர்டுல இருக்கறத எழுதுப்பா” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அடுத்த மூன்று நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் மாலை அவன் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவனுடைய அப்பா ஒரு தண்ணீர்த் தொட்டியின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார். பையன் கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

“இது எப்படிங்க இவ்வளவு கெட்டியாகுது?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“துணி மட்டும்னா மடங்கும் சார். ரெசின் மட்டும்னா காஞ்சதும் நொறுங்கும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தாத்தான் பைபரு” என்றார்.

கூட்டுப்பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பலபடியாலான பிசின் இழைகளைப் பிடித்து நிறுத்தி, விசையை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குக் கடத்துகிறது. இரண்டில் எதுவும் தனியே இதைச் செய்ய முடியாது. தவறு என் கரும்பலகையில்தான் இருந்தது.

பாடத்தை மறுபடி தொடங்கினேன்

மறுநாள் அவன் வந்திருந்தான். அதே இரண்டு கட்டங்களை மீண்டும் வரைந்தேன். “அன்னைக்கு நான் சொன்னது முழுசா சரியில்லை. அவன் கேட்டதுதான் சரியான கேள்வி” என்று வகுப்பின் முன் சொன்னேன். பிறகு அவனையே அழைத்து, அப்பா தொட்டியை எப்படி ஒட்டுகிறார் என்று சொல்லச் சொன்னேன். முதலில் தயங்கினான். ஹார்ட்னர் எவ்வளவு ஊற்ற வேண்டும், கூடிப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது.

இதே உத்தி உங்கள் வீட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்து மிதிப்பதை ஒரு மாணவி சொன்னாள். கிணற்று மோட்டாரில் மாட்டும், உள்ளே நூல் பின்னிய ஓஸை இன்னொருவன் சொன்னான். இரண்டுமே கூட்டுப்பொருள்கள்தான்.

இரண்டு எளிய செயல்பாடுகள்

ரெசினையும் ஹார்ட்னரையும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றின் ஆவியும் கண்ணாடி இழைத் தூளும் குழந்தைகளுக்கு ஆகாதவை. பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும்.

செயல்பாடு 1: செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நேராகக் கிழியும். பக்கவாட்டில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதத்தில் உள்ள இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதே காரணம். இழைப்பொருளின் வலிமை திசையைப் பொறுத்தது என்பதை மாணவர்கள் கையாலேயே உணர்வார்கள்.

செயல்பாடு 2: 5 செ.மீ. அகலத்தில் 20 தாள் பட்டைகளை வெட்டுங்கள். பத்தைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தட்டையாக இருக்கும்படி பாரம் வைத்து நன்கு காயவிடுங்கள். மீதி பத்தை ஒட்டாமல் அடுக்குங்கள். 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகளை வைத்து, இரண்டையும் பாலம்போல் வையுங்கள். ஒட்டாத அடுக்கு தொய்ந்துவிடும். ஒட்டியது பத்து ஒரு ரூபாய் நாணயங்களைத் தாங்கும். காகிதம் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். பசை என்ன வேலை செய்தது என்று மாணவர்களே சொல்லட்டும்.

ராமேசுவரத்திலிருந்து விண்வெளிக்கு

இந்த இடத்தில்தான் அப்துல் கலாமை வகுப்புக்குள் அழைத்து வந்தேன். குடியரசுத் தலைவராக அவரை எல்லா மாணவர்களுக்கும் தெரியும். பொருள்களோடு போராடிய பொறியாளராகத் தெரியாது.

1931 அக்டோபர் 15 அன்று ராமேசுவரத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தபின், குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தில் முதலில் அவர் பொறுப்பில் இருந்தது நான்காவது அடுக்கு, அதாவது உச்சியில் உள்ள அடுக்கு. பிறகு முழுத் திட்டத்துக்கும் இயக்குநரானார்.

உச்சி அடுக்கில் எடை மிக முக்கியம். அது செயற்கைக்கோளுடனேயே சுற்றுப்பாதை வரை போகிறது. அங்கே ஒரு கிலோ குறைத்தால், செயற்கைக்கோளில் ஒரு கிலோ கூட்டிக்கொள்ளலாம். ஆகவே எஸ்.எல்.வி.-3இன் கீழ் இரண்டு அடுக்குகளின் கூடுகள் எஃகால் செய்யப்பட்டன. மேல் இரண்டு அடுக்குகளின் கூடுகள் இழை வலுவூட்டிய நெகிழியால் ஆனவை. நம் மாவட்டத்து ஆரணியில் தறிக்கு நூல் சுற்றுவதைப் பார்த்த மாணவர்களுக்கு அதன் செய்முறை எளிதில் புரியும். பிசினில் நனைத்த இழையை, சுழலும் அச்சின்மேல் கணக்கிட்ட கோணத்தில் சுற்றிக்கொண்டே போவார்கள். அழுத்தம் நிறைந்த உருளையில் சுற்றுவட்டத் திசையில் உண்டாகும் இழுவை, நீளவாக்கில் உண்டாவதைப்போல இருமடங்கு. குழாய் அழுத்தம் தாங்காமல் வெடித்தால் நீளவாக்கில் பிளப்பது இதனால்தான். எந்தத் திசையில் விசை அதிகமோ அந்தத் திசைக்கு ஏற்ப இழையை வைக்கலாம் என்பதே கூட்டுப்பொருளின் சிறப்பு.

எடைக்கு ஒரு கணக்குப் போடச் சொன்னேன். ஒரு லிட்டர் பாட்டில் அளவுள்ள எஃகு ஏறத்தாழ 7.8 கிலோ. அலுமினியம் 2.7 கிலோ. கார்பன் இழைக் கூட்டுப்பொருள் ஏறத்தாழ 1.6 கிலோ.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3இன் முதல் பயணம் தோல்வியடைந்து, ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. 1989 மே 22 அன்று ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்கு, வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்கும் கார்பன்–கார்பன் கூட்டுப்பொருள் கவசமாக அமைந்தது.

கலாம் தம் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாகச் சொன்னது வேறொன்று. ஐதராபாத்தில் அவரது ஆய்வகத்துக்கு வந்த எலும்பு மருத்துவர் ஒருவர், அங்கிருந்த எடை குறைந்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடந்த குழந்தைகளைக் காட்டினார். சில வாரங்களில் 300 கிராம் எடையில் காலிப்பர் தயாரானது. இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் சத்தமே இல்லை.

அப்பா கேட்ட கேள்வி

சில நாள் கழித்து அந்த மாணவனின் அப்பா பள்ளிக்கு வந்தார். “இந்த வேலைக்கெல்லாம் படிப்பு இருக்குதா சார்?” என்று கேட்டார். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் நிறுவனத்தில் நெகிழித் தொழில்நுட்பத்தில் பட்டயம் படிக்கலாம் என்றேன். பன்னிரண்டு முடித்தால், கலாம் படித்த அதே எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர் மற்றும் நெகிழித் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டம் இருக்கிறது என்றும் சொன்னேன். பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பையன் இப்போது ஒழுங்காக வருகிறான். கொட்டகைக்கு விடுமுறை நாள்களில் மட்டும் போகிறான். நான் கரும்பலகையில் பொருள்களை வகைப்படுத்தும்போதெல்லாம் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘இன்னும் பார்க்க வேண்டியவை’ என்று தலைப்பிடுகிறேன். அதை நிரப்புவது மாணவர்களின் வேலை.