முகமூடி போட்டால் போதுமா? தம்பதிகளும் வெப்கேமும்: நம்புவதும் நடப்பதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தொண்டிக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். குழுக் கடனுக்குத் தடைக்காலம் கிடையாது; தவணைக்காரர் வாராவாரம் வாசலில் நிற்பார். பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதும் அந்தக் கோடையிலேதான். கையில் இருக்கும் போனில் அப்போது வந்து விழும் விளம்பரங்களில் ஒரு ரகம் உண்டு: வீட்டிலிருந்தே வேலை, கணவன் மனைவி சேர்ந்து செய்யலாம், முகம் காட்ட வேண்டாம், மாதம் லட்சம் பார்க்கலாம். என்ன வேலை என்பது இரண்டாவது மூன்றாவது பேச்சில்தான் தெரியவரும். கேமரா முன் தாம்பத்தியத்தை நேரலையாகக் காட்டிப் பணம் வாங்குவது.

இதைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் ஏஜென்ட் சொல்வது மட்டுமே தகவலாகிவிடுகிறது. கடனில் கழுத்துவரை மூழ்கிய தம்பதிக்கு நம் முகச்சுளிப்பால் ஒரு பயனும் இல்லை. அவர்களிடம் என்ன பொய் சொல்லப்படுகிறது என்பதை எடுத்துச் சொன்னால் பயன் உண்டு.

முதல் பொய்: “நீங்கள் தாலி கட்டியவர்கள், உங்கள் வீடு, உங்கள் விருப்பம். போலீஸ் என்ன செய்ய முடியும்?”

நிறையச் செய்ய முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, வெளிப்படையான பாலுறவுக் காட்சியை மின்னணு வழியில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றம் என்கிறது. 2008இல் திருத்தமாக வந்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை என்றால் ஏழாண்டு வரை. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பிரிவும் அல்ல. அந்தப் பிரிவை முழுதாகப் படித்துப் பாருங்கள். நடித்தவர்கள் திருமணமானவர்களா, சம்மதித்தவர்களா என்ற கேள்வியே அதில் இல்லை. அறிவியல், இலக்கியம், கலை போன்ற பொதுநன்மைக்கான படைப்புகளுக்கு விலக்கு உண்டு. சம்மதத்துக்கு விலக்கு இல்லை.

2025 ஜூனில் ஹைதராபாத் அம்பர்பேட்டையில் ஒரு தம்பதி கைதானார்கள். கணவர் வண்டி ஓட்டுபவர். செயலி ஒன்றில் தங்கள் உறவை நேரலையில் காட்டிவந்தார்கள். நேரலைக்கு 2,000 ரூபாய், பதிவுக்கு 500 ரூபாய் வாங்கினார்கள் என்றது காவல்துறை. மகள்களின் படிப்புச் செலவுக்காக என்று அவர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. முகமூடியும் போட்டிருந்தார்கள். படிக்கும் மகள்கள் அந்தச் செய்தியை எப்படித் தாங்கியிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

“தளம் வெளிநாட்டில் இருக்கிறது, இந்தியச் சட்டம் அங்கே போகாது” என்பது அடுத்தது. தளத்தின் மீது போகாமலிருக்கலாம். உங்கள் படுக்கையறைக்கு வந்துவிடும். 2001 டிசம்பரில் சென்னையில் கைதான எலும்பு மருத்துவர் பிரகாஷின் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். இங்கே எடுத்த படங்கள் அமெரிக்காவிலிருந்த சகோதரர் வழியாக இணையத்தில் ஏறின. வழக்கு நடந்தது சென்னையில். 2008 பிப்ரவரியில் விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் மற்றவர்களை வலையில் வீழ்த்திப் படமெடுத்தவர், தம்பதிகளின் கதையோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் சர்வர் அயல்நாட்டில் இருந்தால் தப்பலாம் என்ற கணக்கு அந்த வழக்கிலேயே பொய்த்துப்போனது.

பணமும் தடம் விட்டுத்தான் வருகிறது. 2025 மார்ச்சில் நொய்டாவில் ஒரு தம்பதியின் வீட்டில் அமலாக்கத் துறை சோதனை போட்டது. வீட்டுக்குள்ளேயே வெப்கேம் ஸ்டுடியோ. ஃபேஸ்புக்கில் ‘மாடலிங்’ என்று விளம்பரம் போட்டுப் பெண்களைச் சேர்த்து, சைப்ரஸ் நிறுவனம் ஒன்றுக்காக நேரலை நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. வேறு காரணம் காட்டி வங்கிக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 15.66 கோடி ரூபாய் என்றது அமலாக்கத் துறை. இன்னொன்றையும் சொன்னது: வந்ததில் தம்பதி வைத்துக்கொண்டது 75 விழுக்காடு, கேமரா முன் உட்கார்ந்த பெண்களுக்குப் போனது 25.

அந்த 25ஐ வைத்துக்கொண்டு ‘மாதம் லட்சம்’ என்ற பேச்சைப் பார்ப்போம். இந்தத் தளங்களில் ரூபாயோ டாலரோ நேராக ஓடுவதில்லை, டோக்கன்தான் ஓடும். 2011இல் தொடங்கிய சாட்டர்பேட் தளத்தில் பார்வையாளர் 100 டோக்கனை ஏறக்குறைய 11 டாலருக்கு வாங்குகிறார். நடிப்பவர் கணக்கில் ஒரு டோக்கனுக்கு ஐந்து சென்ட், அதாவது 100க்கு 5 டாலர். பாதிக்கு மேல் முதல் படியிலேயே போய்விட்டது. மிச்சத்தில் ஸ்டுடியோ அல்லது ஏஜென்ட் பங்கு, பணப் பரிமாற்றக் கட்டணம், நாணய மாற்றில் இழப்பு. தம்பதி என்றால் அந்த மிச்சம் இரண்டு பேருடைய உழைப்புக்கு. ஏஜென்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட் யாரோ ஒருவருடைய ஒரு நல்ல நாள். யாரும் பார்க்காமல் கேமரா முன் காத்திருந்த இரவுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் கிடையாது.

திரையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் படம். மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும் அரட்டை, பெயரில்லாத ஆட்கள். கீழே ஒரு விலைப்பட்டியல்: இதற்கு இத்தனை டோக்கன், அதற்கு இத்தனை. மேலே இலக்குக் கோடு. அது நிறைந்தால் அடுத்த கட்டம். டோக்கன் விழும்போதெல்லாம் ஒரு மணியோசை. மனைவிக்கு அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை. இருநூறு பேர் பார்க்கிறார்கள், கோடு முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, கணவன் பக்கத்தில் இருக்கிறான், தவணை திங்கட்கிழமை. “வேண்டாம்” என்ற சொல் அந்த அறையில் எவ்வளவு கனமாகிவிடும் என்று யோசியுங்கள். “இருவரும் சேர்ந்து செய்வதால் பெண்ணுக்குப் பாதுகாப்பு” என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது. பாதுகாக்க வேண்டியவனே கூட்டாளியாகவும் கணக்குப் பார்ப்பவனாகவும் மாறிவிட்டால், அவள் யாரிடம் போய் நிற்பாள்?

எல்லாத் தம்பதிகளும் இப்படித்தான் என்று எழுதினால் அதுவும் பொய். ஏஞ்சலா ஜோன்ஸ் என்ற சமூகவியலாளர் இந்தத் தொழிலை ஆராய்ந்து 2020இல் ஒரு நூல் வெளியிட்டார். விரும்பி வந்தவர்கள், பிற வேலைகளைவிட இதில் தன் நேரமும் தன் வரையறையும் தன் கையில் இருப்பதாக உணர்ந்தவர்கள், மகிழ்ச்சி கண்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அவர்களில் பலர் இந்தத் தொழில் சட்டப்படி குற்றமில்லாத நாடுகளில் இருப்பவர்கள். தொழில் சட்டபூர்வமாக நடக்கும் கொலம்பியாவிலேயே ஸ்டுடியோக்களின் நிலை என்ன என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது: மூட்டைப்பூச்சி மொய்க்கும் அறைகள், இடைவேளை எடுத்தால் அபராதம், செய்ய விரும்பாததைச் செய்யச் சொல்லி நெருக்கடி. அங்கே குறைந்தபட்சம் புகார் கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. இங்கே ஏஜென்ட் ஏமாற்றினாலும், வாசலுக்குப் போக நடித்தவருக்கே பயம். அந்தப் பயம்தான் ஏஜென்ட்டின் முதலீடு.

வழக்கு என்று வந்தால் “கணவர் பார்த்துக்கொள்வார்” என்பதும் நடக்காது. 2021 ஜூனில் ‘டாக்ஸிக் மதன் 18+’ யூடியூப் சேனல் வழக்கு தமிழ்நாட்டையே பேச வைத்தது. அது உடல் காட்டிய வழக்கு அல்ல. விளையாட்டு நேரலையில் பெண்களை ஆபாசமாகப் பேசிய வழக்கு. சேனலை நடத்திய மதன் தலைமறைவாக இருந்தபோது, போலீஸ் முதலில் கைது செய்தது அவர் மனைவியை. சேனலின் நிர்வாகி அவர், வருமானமும் அவர் வழியாகப் போனது என்பது குற்றச்சாட்டு. கைக்குழந்தையின் தாய் அவர். வங்கிக் கணக்கு யார் பேரில், சிம் யார் பேரில், அடையாள அட்டை யாருடையது என்பதைத்தான் விசாரணை முதலில் பார்க்கும். ‘பெண் பேரில் கணக்குத் தொடங்கினால் நல்லது’ என்று யாராவது சொன்னால், வழக்கும் பெண் பேரில் வரும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகமூடி விஷயத்துக்கு வருவோம். முகத்தை மறைத்தாலும் அறையை மறைக்க முடியாது. சுவரில் ஊர் நகைக்கடைக் காலண்டர், நேரலை நடுவே கேட்கும் பாங்கு, பேச்சில் வரும் ராமநாதபுரத்து இழுவை, கையில் இருக்கும் தழும்பு: தெரிந்தவருக்கு இவ்வளவு போதும். “இந்தியாவில் தெரியாதபடி பூட்டிவிடலாம்” என்பார்கள். அந்த வசதி சில தளங்களில் உண்மையிலேயே உண்டு. விபிஎன் போட்ட எவரும் அதைத் தாண்டுவார்கள். அதைவிட முக்கியமானது, பார்ப்பவர்களில் ஒருவர் திரையைப் பதிவு செய்து வேறு தளத்தில் போட்டுவிட்டால் பூட்டு எதுவும் கூடவே போகாது. இரவு ஒரு மணிக்கு முடிந்த நேரலை ஐந்து வருடம் கழித்து மகளின் கல்யாணப் பேச்சு நடக்கும்போது வந்து நிற்கலாம். தளமோ முதல் நாளே இருவருடைய அடையாள அட்டையையும் வாங்கி வைத்திருக்கும்.

வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆண்கள் போன வீடுகள் நம் கரையில் ஏராளம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வீடியோ அழைப்பு வேறு சங்கதி. அங்கே பார்வையாளரும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் மனைவிக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்தாலோ, தெரிந்து எடுத்ததையே பிறருக்கு அனுப்பினாலோ நிலைமை தலைகீழ். பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின் விளக்கம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: படமெடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். கணவனும் இதிலிருந்து தப்ப முடியாது. மனைவியோடு இருந்த காட்சியைப் பரப்பிய ஒருவரின் வழக்கில் 2025இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், திருமணம் மனைவியின் மீது உடைமை உரிமையைத் தருவதில்லை என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய மறுத்தது.

இப்போது என்னை மிகவும் உறுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். “நாமே செய்த தப்பு. வெளியே வந்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?” மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் பிழைப்பதே இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

சொல்ல இடம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவருடைய அந்தரங்கப் படத்தை நீக்க அவரே கேட்டால் 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தன. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் எழுபதுக்கும் மேற்பட்ட தளங்களில் பரவிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்தில் அவற்றை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்தப் பெண் அறியாமல் எடுக்கப்பட்ட காட்சிகள் அவை. பணத்துக்காக நேரலை செய்தவர்களின் நிலை அவ்வளவு எளிதல்ல, புகார் கொடுக்கும்போது அவர்கள் மீதும் கேள்வி திரும்பலாம். ஆகவே முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காசு வேண்டியதில்லை: சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. மிரட்டிப் பணம் பிடுங்கினால் சைபர் குற்ற உதவி எண் 1930. மிரட்டுபவனுக்கு ஒரு முறை பணம் கொடுத்தால் அவன் போய்விடுவான் என்று மட்டும் நம்பாதீர்கள். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

கடைசியாக, ஊருக்கு. ஆபாசப் படம் பார்ப்பது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று டீக்கடையில் பேசுகிறார்கள். பாதி உண்மை. 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு விவாகரத்து வழக்கில், மனைவி தனிமையில் அப்படிப்பட்ட படம் பார்ப்பது கணவனுக்கு இழைத்த கொடுமையாகாது, தடை செய்யப்பட்ட வகையாக இல்லாதவரை அது குற்றமும் அல்ல என்றது. அந்தச் சலுகை தனிமையில் பார்ப்பதோடு முடிந்தது. ‘நம்ம ஊர் ஜோடி, பாரு’ என்று வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்டால், தள்ளிவிட்டவரும் மின்னணு வழியில் அனுப்பியவர்தான். அந்தத் தம்பதி மீது போடும் அதே 67ஏவை அவர் மீதும் போடலாம், அதே ஐந்தாண்டு, அதே பத்து லட்சம். அந்தக் காட்சியில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வைத்திருப்பதே குற்றம்.