லாட்ஜ் வாழ்க்கை வேண்டாம்

கோவை,
சனிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

வேலை உத்தரவு வந்துவிட்டதென்று உங்கம்மா போனில் சொன்னாள். பாதி சந்தோஷம், பாதி புலம்பல். "அம்பதாயிரம் பேர்தானாமாண்ணா, நம்ம பொள்ளாச்சியவிடச் சின்ன ஊரு" என்கிறாள். நீயும் சிகாகோ கிடைக்கவில்லை, நியூஜெர்சி கிடைக்கவில்லை, இண்டியானாவில் ஒரு மூலை கிடைத்ததே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாயாம். அந்த மூலையில் இருபது வருஷம் குடியிருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். உன் ஊர்ப் பெயரைக் கொலம்பஸ் என்று மட்டும் போட்டால் ஒஹையோ மாநிலத்துப் பெரிய ஊர்தான் வரும். நீ இறங்க வேண்டியது இண்டியானாபோலிஸ். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம், இரண்டு பக்கமும் சோளக்காடு. "எங்கேயடா கொண்டுபோகிறார்கள்" என்று எனக்குத் தோன்றியது. உனக்கும் தோன்றும். விடு.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருஷம் அந்த ஊரில் லாட்ஜில் ரூம் போட்டவன் மாதிரி இருந்தேன். சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் நாலு பேராகக் காரில் ஏறி சிகாகோ போய், மளிகை வாங்கி, தோசை சாப்பிட்டு, ஞாயிறு ராத்திரி திரும்புவோம். ஃபிஃப்த் ஸ்ட்ரீட்டில் தினமும் நடந்தவன்தான். ஒரு பக்கம் நூலகம், எதிர்ப்பக்கம் சர்ச். நூலகத்தை 1969-ல் கட்டியவர் பேர்பெற்ற ஆர்க்கிடெக்ட் ஐ.எம். பெய் என்றோ, 1942-ல் சர்ச்சைக் கட்டியவர் அதேபோல் பேர்பெற்ற எலியல் சாரினென் என்றோ எனக்குத் தெரியாது. நூலக வாசலில் களிம்பேறி நிற்கும் இருபதடி வெண்கல வளைவு சிற்பி ஹென்றி மூர் செய்தது. அதன் காலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்தவன் நான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "லைப்ரரி கார்டு வாங்கியாச்சா?" என்றார். நம் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற அதே தொனி. இல்லை என்றேன். மறு வாரமும் கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு போய் வாங்கினேன். உள்ளே போன பிறகுதான் அந்த ஊருக்கு நான் குடிவந்தேன் என்று சொல்ல வேண்டும்.

உன் கம்மின்ஸ் கம்பெனியின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். இர்வின் என்ற வங்கிக்காரரிடம் கார் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், முதலாளி போட்ட பணத்தில் 1919-ல் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கினார். வருஷக்கணக்காக லாபம் என்ற பேச்சே இல்லை. பட்டறைக்காரர் வீட்டுப் பெண்ணான உனக்கு இது புதிதா என்ன! பிற்பாடு பொறுப்பேற்றவர், இர்வினின் உறவில் பேரன் முறையான ஜே. இர்வின் மில்லர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஊரில் குழந்தைகள் பெருகி, அவசரத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு யோசனை சொன்னார். நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுங்கள், அவர் ஃபீஸை எங்கள் அறக்கட்டளை கொடுத்துவிடும், செங்கல் சிமெண்டுச் செலவை ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. 1957-ல் ஹாரி வீஸ் கட்டிய ஆரம்பப் பள்ளியில் அது தொடங்கியது. அப்புறம் தீயணைப்பு நிலையம் வரைக்கும் போயிற்று. நாலாம் நம்பர் ஃபயர் ஸ்டேஷனை ராபர்ட் வென்ச்சுரி கட்டினார் என்று சொல்லி யாராவது உன்னைக் கூட்டிப்போவார்கள். எனக்கென்னவோ கொஞ்சம் வசதியான லாரி ஷெட் மாதிரிதான் பட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தே கட்டினாராம். இருக்கட்டும்.

மில்லரை மகான் ஆக்கிப் பேசுகிறவர்கள் அங்கே நிறைய. கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணிக்குத் துணை நின்ற மனிதர், மரியாதைக்குரியவர்தான். ஆனால் இந்த ஏற்பாட்டில் தர்மமும் உண்டு, கணக்கும் உண்டு. சோளக்காட்டு ஊருக்கு நல்ல எஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். யோசித்துப் பார், வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிற உன்னை மாதிரி ஆட்களை மனதில் வைத்து, நீ பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே செய்த ஏற்பாடு அது. அங்கே போய் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்காராதே.

எங்கெங்கே போவது என்று பட்டியல் போட எனக்கு இஷ்டமில்லை. ஐஸ்கிரீமுக்கு ஜஹராகோஸ் போ. கிரீஸிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் 1900-ல் திறந்த கடை. முடுக்கிவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பழைய இயந்திர ஆர்கன் அங்கே வாசிக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் மேனேஜரைத் திட்டாதே. அவர் மச்சினி பக்கத்து மேஜையில் இருப்பாள். ஒரே கம்பெனியை நம்பிய ஊரின் வசதியும் அதுதான், தொல்லையும் அதுதான். ஆட்குறைப்பு என்று ஒரு வதந்தி கிளம்பினால் சலூன்காரர் முகம்கூட வாடிவிடும்.

நம்மவர்கள் இருக்கிறார்கள், பயப்படாதே. புனேயில் 1962-லேயே கம்பெனிக்குக் கிளை வந்துவிட்டதால் மராத்திக்காரர்கள் அதிகம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாரா வாரம் அதே எட்டு வீட்டில் அதே பிரியாணி வேண்டாம்.

2008 ஜூன் 7-ஆம் தேதி ஹா கிரீக் என்கிற ஓடை ஊருக்குள் வந்துவிட்டது. மற்ற நாளில் தாண்டிக் குதிக்கிற ஓடை. ஆஸ்பத்திரி அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து, 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அன்றிரவே வேறிடம் மாற்றினார்கள். பல மாதம் மூடிக் கிடந்தது. மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டியது யார் தெரியுமா? நான் ஒருநாளும் பெயர் கேட்டிராத எதிர்வீட்டுக்காரர். கையில் ஒரு மண்வெட்டி, எனக்கென்று இன்னொன்று. தெருமுனை வீட்டிலிருந்து நனைந்த கார்ப்பெட்டை நானும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். ஈரக் கார்ப்பெட் என்ன கனம் கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெள்ளம் வரும்வரை காத்திராமல் நீ முதல் வாரமே எதிர்வீட்டுப் பெயரைக் கேட்டுவிடு.

கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து சுண்ணாம்புக்கல் தூண்கள் நெருக்கமாக நிற்கும். யுத்தங்களில் இறந்த அந்த மாவட்டத்துப் பையன்களின் நினைவுச் சின்னம். உள்ளே நுழைந்தால், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கல்லில் வெட்டி வைத்திருப்பது தெரியும். வீரமெல்லாம் பேசியிருக்க மாட்டார்கள், வீட்டு விசாரிப்புதான். ஒருதரம் தனியாகப் போய்ப் படி.

கடைசியாக ஒன்று. உங்கம்மா ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துவிடுவாள். அப்போது உனக்குக் காலை பதினொன்றரை, நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பத்தரை. நான் போன காலத்தில் அந்த ஊரில் இந்தத் திருப்பி வைக்கிற வழக்கமே கிடையாது, 2006-ல்தான் வந்தது. வந்த முதல் வருஷம் அதை மறந்து, நான் எங்கம்மாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன். என்னமோ ஏதோ என்று பதறிப்போய்விட்டாள். நீ பார்த்துப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா