பழைய முந்திரிகைக் கொடிகளைப் பேணுதல்

நெல்லும் மரக்கறியும் போகந்தோறும் புதிதாகச் செய்கை பண்ணப்படுவன. முந்திரிகை அவ்வாறன்று. நிலமும் சுவாத்தியமும் பொருந்துமாயின், ஒருமுறை நாட்டிய கொடி நூறாண்டுகளுக்கு மேலும் நின்று காய்க்கும். அத்தகைய கொடியைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. அதே வயதுள்ள இன்னொன்றை அவ்விடத்திற் காண்பதற்கு இன்னும் நூறாண்டு செல்லும். இவ்வுண்மையைத் தென் அவுஸ்திரேலியாவிலுள்ள பறோசாப் பள்ளத்தாக்கின் கமக்காரர் நட்டப்பட்டே அறிந்தனர்.

ஐரோப்பாவின் சைலீசியா நாட்டிலிருந்து வந்த ஜேர்மன் மொழி பேசும் குடியேறிகள் 1842ஆம் ஆண்டளவில் இப்பள்ளத்தாக்கிற் குடியமர்ந்து, வைன் வடிப்பதற்காக முந்திரிகை நாட்டத் தொடங்கினர். 1843இல் நாட்டப்பட்டதாகக் கொள்ளப்படும் சிராஸ் இனக் கொடிகள் அங்கே இன்றும் பழம் தருகின்றன. சிராஸின் தாய்நாடாகிய பிரான்சிலேயே அவ்வளவு பழைய தோட்டங்கள் எஞ்சவில்லை. அதற்குக் காரணம் பிலொக்சரா எனும் சிறு பூச்சியாகும். வட அமெரிக்காவிலிருந்து சென்ற இப்பூச்சி 1860களிற் பிரான்சின் தோட்டங்களிற் பரவியது. இது வேரிலிருந்து சாற்றை உறிஞ்சும். வேர் கழலைகொண்டு அழுகும். சில ஆண்டுகளிற் கொடி பட்டுவிடும். ஈற்றில், பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையில் ஐரோப்பிய இனத்தை ஒட்டுவதே பரிகாரமாயிற்று. அதனால் இனங்கள் பிழைத்தன. தம் சொந்த வேரில் நின்ற பழங்கொடிகளோ பெரும்பாலும் அழிந்தன.

இப்பூச்சி 1877இல் அயல் மாநிலமாகிய விக்டோரியாவின் ஜீலோங் பகுதியிற் காணப்பட்டது. தென் அவுஸ்திரேலியா காலந்தாழ்த்தாது விழித்துக்கொண்டது. 1899இல் அங்கே பிலொக்சராச் சட்டம் இயற்றப்பட்டது. வெளியிடங்களிலிருந்து கொடிகளைக் கொண்டுவருதல் கட்டுப்படுத்தப்பட்டது. பூச்சி, காலணியில் ஒட்டிய மண்ணிலும் வண்டிச் சில்லிலும் பயணஞ் செய்யும். ஆகவே இந்நாளிலும் தோட்டத்துட் புகுமுன் காலணிகளைத் துப்புரவாக்கிக் குளோரின் கரைசலில் தோய்ப்பது அங்கே வழக்கமாயுள்ளது.

பூச்சிக்குத் தப்பிய கொடிகள் சந்தைக்குத் தப்பவில்லை. 1980களில் மக்கள் வெள்ளை வைனையே விரும்பியமையால், சிராஸ், கிரனாஷ் முதலிய கருநிறப் பழங்களின் விலை விழுந்தது. விளைச்சல் மிகையாயிற்று எனக் கண்ட அரசாங்கம், கொடிகளைப் பிடுங்கும் கமக்காரருக்குப் பணம் கொடுத்தது. கடன்பட்ட கமக்காரன் அதை மறுப்பதெங்ஙனம்? பழைய கொடிகள் பல இவ்வாறு வேரோடு போயின. 1990களிற் பறோசாச் சிராஸுக்கு உலகச் சந்தையிற் பெருங் கிராக்கி ஏற்பட்டபோது, பிடுங்காது வைத்திருந்தோரே பயனடைந்தனர். ஒரு பத்தாண்டின் விலையைக் கொண்டு நூறாண்டுப் பயிரை அளந்தமையே அங்கு நேர்ந்த பிழை.

பழங்கொடி காய்ப்பது குறைவு. ஆயினும் அதன் வேர் ஆழமாகச் சென்றிருப்பதால், மாரி மழையை மட்டும் நம்பி, நீர்ப்பாய்ச்சலின்றியே வறண்ட கோடையைத் தாங்கவல்லது. வயது மட்டும் நல்ல வைனைத் தந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்; தகாத நிலத்தில் நிற்கும் கிழட்டுக் கொடி கிழட்டுக் கொடியே.

பேணும் முறைகளிற் கத்தரித்தலே முதன்மையானது. பறோசாவின் பழங்கொடிகள் பல, யாழ்ப்பாணத்திற் போலப் பந்தலிற் படராது, குட்டையான புதர்களாக நிற்பன. இவற்றுக்கு முதற் பகை யூட்டைப்பா எனும் பங்கசு நோயாகும். மழைக்காலத்தில் இதன் வித்திகள் கத்தரித்த காயத்தின் வழியே புகுந்து, தண்டை உள்ளிருந்து மெல்லக் கொல்லும். ஆதலால் ஈரமற்ற நாளிலே கத்தரித்து, பெருங் காயங்களுக்கு உடனே பூச்சுப் பூசுதல் வேண்டும். நோய் கண்ட தண்டை, உள்ளே கறை தோன்றாத இடத்துக்கும் சுமார் 8 அங்குலம் கீழே வெட்டியெறிந்து, அடியிலிருந்து எழும் தளிரைப் புதிய தண்டாக வளர்க்கலாம். வேர் பழையதே, தண்டு மாத்திரம் புதிது. முழுக்கொடியையும் தோண்டியெறியும் அவசரம் வேண்டாம்.

கொடி முற்றாகப் பட்ட இடத்தைப் பதியம் வைத்து நிரப்பலாம். அடுத்த கொடியின் நீண்ட கிளையொன்றை வெட்டாமலே மண்ணுட் புதைத்து, நுனியை வெற்றிடத்தில் மேலெழச் செய்ய வேண்டும். அது வேரூன்றி வலுப்பெறச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை தாய்க்கொடி ஊட்டும். பிலொக்சரா உள்ள நாடுகளில் இம்முறை ஆகாது. பதியம் ஒட்டுக்கட்டையிலன்றித் தன் சொந்த வேரில் நிற்பதாற் பூச்சிக்கு இரையாகும்.

புதுத் தோட்டத்துக்கு வித்து உதவாது. முந்திரிகை வித்திலிருந்து முளைப்பது தாயைப் போலிராது. வெட்டுத்துண்டே இனத்தைக் காக்கும். ஒரே கொடியிலிருந்து எல்லாத் துண்டுகளையும் எடுத்தலாகாது. பழந்தோட்டத்தில் நிற்கும் கொடிகள் ஒரே பெயரினவாயினும், பழுக்கும் காலத்திலும் குலையின் அமைப்பிலும் சிறுசிறு வேறுபாடுடையன. நோயற்ற பல கொடிகளிலிருந்து துண்டெடுத்தாலன்றி அவ்வேறுபாடுகள் தோட்டத்தோடு மறைந்துபோம்.

குறைந்த விளைச்சலைக் கூடிய விலையால் ஈடுசெய்யாவிடிற் கமக்காரன் கொடியைப் பேணமாட்டான். இதனை உணர்ந்தே பறோசாவில் 2009ஆம் ஆண்டு பழங்கொடிப் பட்டயம் ஒன்று வகுக்கப்பட்டது. 35, 70, 100, 125 ஆண்டுகளைக் கடந்த கொடிகள் நான்கு வகுப்புக்களாக அதிற் பிரிக்கப்பட்டுள்ளன. தென்னாபிரிக்காவில் 35 ஆண்டுக்கு மேற்பட்ட தோட்டத்தின் வைன் போத்தலில், கொடி நாட்டிய ஆண்டைப் பொறித்த முத்திரை 2018 தொடக்கம் ஒட்டப்படுகின்றது. வாங்குவோன் எவ்வயதுக் கொடிக்கு விலை கொடுக்கிறான் என்பதை அதிலே காணலாம்.