நினைவகம் நிலைகுலைந்தால்



உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினியான ராஸ்பெர்ரி பை 2012-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இன்று பட்டறைகளிலும் அதனைக் காண்கிறோம். அதனுடன் இணைத்த எஸ்.எஸ்.டி. எனும் திடநிலை நினைவகத்தில் கோப்பு முறைமை சிதைவதுண்டு. அந்நோய்க்கு மருந்து யாது?

பீன்யாவில் ஒரு சிறு பட்டறை. உலையின் வெப்ப அளவுகளை மூன்று திங்களாகப் பதிந்து வந்த கணினி ஒருநாள் எழ மறுத்தது. வேறு படி இல்லை. "அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்" என்றனர் சிலர். அவ்வளவுகள் போனால், பதப்படுத்திய உருப்படிகளுக்குச் சான்று ஏது? ஆகவே வேறு வழியை நாடினேன்.

முதலாவது, பழுதுற்ற நினைவகத்தில் எதையும் எழுதலாகாது. ஈ.எக்ஸ்.டி.4 முறைமையைப் படிப்பதற்கென்று மட்டும் திறந்தாலும், அது தன் நாட்குறிப்பைப் பார்த்து நிலுவைகளை எழுதிவிடும். ஆதலின் திறவாமலே, மற்றொரு லினக்ஸ் கணினியில் டிடி-ரெஸ்க்யூ கொண்டு முழுப் படியெடுத்தேன்.

இரண்டாவது, மருத்துவம் படிக்கே, மூலத்துக்கு அன்று. எஃப்.எஸ்.சி.கே. கருவியை முதலில் திருத்தாமல் சோதிக்க மட்டும் ஏவினேன். குறைகளை அறிந்த பின்னரே திருத்தச் செய்தேன். பெயரிழந்த கோப்புகள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' அடைவில் ஒதுங்கின. அவற்றுள் வெப்பப் பதிவுகளும் இருந்தன!

மூன்றாவது, காரணம் காணல். மின்னழுத்தம் தாழ்ந்ததாகக் கணினியின் பதிவேட்டில் பல எச்சரிக்கைகள். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். அதன் யு.எஸ்.பி. வாயில்கள் நான்கும் சேர்ந்து 1.2 ஆம்பியரே அளிக்கும். எழுதும் வேளையில் மின்சாரம் போதாவிடில் இணைப்பு அறும். செய்தி பாதியில் நிற்கும். தக்க மின்வழங்கியும், நினைவகத்துக்குத் தனி மின்வழியும் அமைத்தபின் எச்சரிக்கைகள் நின்றன. நாள்தோறும் வேறிடத்தில் படியெடுக்கவும் ஏற்பாடாயிற்று.

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியும் இத்தகைய இடரைக் கண்டது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகவே, அது எழுவதும் விழுவதுமாய்த் தவித்தது. அந்நினைவகத்தைத் தொடாமல் எழுமாறு பொறியாளர் ஆணையிட்டனர். பின்னரே அதனைச் சீர்செய்தனர். பல கோடிக் கல் தொலைவிலும் முறை ஒன்றே: முதலில் காத்தல், பிறகு திருத்தல்.

தோழர்களே, உங்கள் ஆய்வுக்கூட அளவுகளுக்கு இன்று எத்தனை படிகள் உள்ளன? ஒன்றே எனின், இன்றே இரண்டாக்குங்கள்.