உறைபனி விழும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

நீலகிரியில் நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். முதலில் நீர்ப்பனி விழும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உறைபனி தொடங்கும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கத்துப் பள்ளங்களில் புல்வெளி வெளுத்துப்போகும். அடுத்த சில நாட்களில் தேயிலைக் கொழுந்து செம்பழுப்பாகக் கருகும். அதன் பிறகு பேச்செல்லாம் அந்த ஓர் இரவைப் பற்றியே இருக்கும்: எதைப் போர்த்தினோம், எத்தனை மணிக்குத் தண்ணீர் தெளித்தோம். அவை தேவைதான். ஆனால் குளிரைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு செடியுடையது. அதற்கு அது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தயாராகிறது. அந்த நாட்களில் நாம் அதற்குத் துணை நின்றோமா, குறுக்கே நின்றோமா என்பதைப் பொறுத்தே இரவு வேலைக்குப் பலன் இருக்கும்.

இலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் செய்முறை விளங்கிவிடும். முதலில் உறைவது செல்லுக்குள் இருக்கும் நீர் அல்ல, செல்களுக்கு இடையில் இருக்கும் நீர். அதில் உப்பும் சர்க்கரையும் குறைவு. அங்கே உருவான பனிக்கட்டி செல்லுக்குள்ளிருந்து நீரை வெளியே இழுக்க, செல் வற்றிச் சுருங்குகிறது. ஆக, உறைபனியில் செடி படும் பாட்டில் பெரும்பகுதி வறட்சியில் படும் பாடுதான். செல்லின் சவ்வு சிதைந்தாலோ, செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானாலோ அந்தச் செல் பிழைக்காது. குளிர் நெருங்குவதை உணர்ந்த செடி முதலில் சவ்வின் கொழுப்பை மாற்றுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் அப்போதும் ஓடும். செடி தன் சவ்வை இரண்டாவது வகைக்கு நெருக்கமாகக் கொண்டுபோகிறது. கூடவே சர்க்கரையையும் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் செல்லுக்குள் சேர்க்கிறது. அவை நீர் வெளியேறுவதைக் குறைக்கின்றன, சவ்வைத் தாங்கிப் பிடிக்கின்றன. பனிக்காலத்துக் கேரட்டும் முட்டைக்கோஸும் கூடுதலாக இனிப்பது இதனால்தான். இந்த மாற்றங்களை முடுக்கும் சி.பி.எஃப். மரபணு ஒன்றை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமஷோவின் குழு 1998-இல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஓயாமல் இயங்க வைத்தது. குளிருக்கே பழகாத செடியும் உறைநிலையைக் கூடுதலாகத் தாங்கியது. சாதாரணச் செடிக்கு இந்தத் தயாரிப்பு நடக்க, உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் நாட்கள் வேண்டும். சர்க்கரை சேர்க்க வெயிலும் வேண்டும். இடையில் சில நாள் சூடு ஏறினால், சேர்த்த தாங்குதிறன் வேகமாகக் கரைந்துவிடும்.

எனவே முதல் வேலை அக்டோபரிலேயே. பனி இறங்கும் நிலங்களில் யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அந்த மாதத்தோடு நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து நீர் கோத்த இளந்தளிரைத் தள்ளும். செடி சேர்த்து வைக்க வேண்டிய சர்க்கரை வளர்ச்சிக்குச் செலவாகிவிடும். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து குறைவு என்று தெரிந்தால் பொட்டாஷ் இட்டு ஈடுசெய்யலாம். குறைவில்லாத மண்ணில் அள்ளிப் போடுவதால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது. கவாத்து செய்த செடி பனிக்காலத்தில் புதுத்தளிரோடு நிற்காதபடி கவாத்துக் காலத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். நர்சரி நாற்றுகளை நடுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு நிழல்வலையைப் படிப்படியாக விலக்கி, வாடவிடாமல் தண்ணீரைக் குறைக்கலாம். வறட்சிக்கும் குளிருக்கும் செடி எழுப்பும் மரபணுக்களில் பல பொதுவானவை என்பதால் ஒன்றுக்குப் பழகுவது மற்றதற்கும் ஓரளவு உதவும். உரத்தை நிறுத்தினால் கொழுந்து வரத்து குறையுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் குளிர்ந்த மண்ணில் வேர் உரத்தை எடுப்பதே மெதுவாகத்தான். அதையும் மீறி வரும் தளிர்தான் முதலில் கருகுகிறது. பனி எட்டாத சரிவில் தோட்டம் வைத்திருப்பவர் இந்த இழப்பை ஏற்க வேண்டியதில்லை.

எல்லாச் செடியும் இப்படிப் பழகாது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். நாம் பயிரிடும் உருளைக்கிழங்கை எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் அதன் இலை மைனஸ் 3 டிகிரி அளவில் மடிந்துவிடும். அதன் காட்டு உறவான சொலானம் கமர்சோனி பழகியபின் மைனஸ் 10 டிகிரியிலும் பிழைக்கிறது. பீன்ஸும் தக்காளியும் உறையும் முன்பே, 10 டிகிரிக்குக் கீழேயே தடுமாறத் தொடங்கும். இத்தகைய பயிருக்கு இடத் தேர்வுதான் தயாரிப்பு. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துக்கு முட்டைக்கோஸ் போன்ற பழகும் பயிரை ஒதுக்கி, பீன்ஸைச் சரிவின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோவது நல்லது. காற்று இறங்கும் வழியில் அடர்ந்த வேலி குறுக்கே நின்றால், அதன் கீழ்ப்பகுதியைத் திறந்துவிட வேண்டும். மேலே மர மறைப்பு இருக்கிறதா என்பதும் இடத் தேர்வில் சேரும். சோலை மரக்கன்றுகள் பக்கத்துப் புல்வெளியில் வேரூன்றாததற்கு உறைபனியை முக்கியக் காரணமாக வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938-இல் எழுதினார். தீக்கும் மேய்ச்சலுக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் பிறகும் நடந்தது. என்றாலும் மர நிழலுக்குள் தழைக்கும் கன்றுகள் திறந்தவெளியில் திணறுவதும், காட்டுப்பூவரசு போன்ற சில மரங்கள் மட்டும் புல்வெளி நடுவே நிற்பதும் கண்முன்னே உள்ள சான்று. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கண்மூடித்தனமாக வெட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது வேலை, பனி எதிர்பார்க்கும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பு. இரவில் செடிக்குக் கிடைக்கும் வெப்பம் மண்ணில் பகலில் சேர்ந்ததுதான். ஈரமான, இறுகிய மண் அதை அதிகம் சேர்த்து வைக்கும். உலர்ந்து பொலபொலத்த மண் சேர்க்காது. ஆகவே ஒரு நனைப்பு கொடுத்துவிட்டு, அந்த நாட்களில் மண்ணைக் கொத்தாமல் விட வேண்டும். மூடாக்கு விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பினால் வேர் கதகதப்பாக இருக்கும். ஆனால் பகல் வெயில் மண்ணுக்குள் போகாது, மண்ணின் வெப்பமும் இலைக்கு வராது. வேரைக் காக்க வேண்டிய பயிருக்கு அது சரி. இலையைக் காக்க வேண்டிய பயிருக்கு வைக்கோலை ஒதுக்கிவிட வேண்டும்.

மாலை நான்கு மணிவாக்கில், மண் சூடாக இருக்கும்போதே போர்த்த வேண்டும். காய்ந்த பெரணி, மிலாறு, தென்னை ஓலை, சாக்கு எதுவானாலும் குச்சி நட்டு, இலையைத் தொடாமல் போட வேண்டும். மெல்லிய பாலித்தீன் தாள் வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். அது தொட்ட இடத்தில் இலையும் கருகும். புகை மூட்டினால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. புகைத்துகள் மிகச் சிறியது. மண்ணிலிருந்து வானுக்குப் போகும் வெப்பக் கதிரை அது தடுப்பதில்லை. நெருப்பின் சூடுதான் உதவும், அதுவும் தோட்டம் முழுக்கப் பரவலாகச் சிறு தீ வைத்தால். பெரிய தீ சூட்டை மேலே அனுப்பிவிட்டுச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே அளந்தது. புல்மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். தெர்மாமீட்டரைச் செடியின் உயரத்தில், வானம் தெரியும்படி வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவில் ஸ்பிரிங்ளர் ஓட்டுவது வலுவான முறை, பிசகினால் கெடுதலும் அதுவே. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை விடுகிறது. ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரியைப் பறிக்கிறது. காற்று வீசும் வறண்ட இரவில் தெளித்தால் இலை முன்பைவிடக் குளிரும். காற்று அடங்கிய இரவில், உறைநிலையைத் தொடும் முன்பே தொடங்கி, விடிந்து பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தாமல் ஓட்ட முடிந்தால் மட்டும் இதில் இறங்கலாம். நடுவில் மின்சாரம் போனால் நனைந்த இலை நனையாததைவிட மோசமாகும்.

விடியலில் சூரியன் படும் முன் தெளித்து வெண்பனியைக் கழுவுவது வழக்கம். இரவிலேயே மடிந்த செல்லை அது மீட்காது. குளிர்ந்த இலையால் வெயிலின் ஆற்றலைப் பயன்படுத்த முடியாமல் பச்சையம் பழுதாவது தனியான சேதம். நாற்றுகளுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு நிழல் தட்டி வைத்தால் அது குறையும். வெயில் நன்றாக ஏறியபின் போர்வையை எடுத்து மண்ணைச் சூடேற விட வேண்டும். கருகிய கிளையை உடனே வெட்டவோ, தேற்றுவதற்கென்று யூரியா போடவோ கூடாது. இரண்டும் புதுத்தளிரைக் கிளப்பி அடுத்த பனிக்கு இரையாக்கும். கருகிய இலை கீழ்மொட்டுக்குக் கொஞ்சம் மறைப்பாகவும் இருக்கும். பிப்ரவரி கடந்து, பச்சை எங்கே முடிகிறது என்று பட்டையைச் சுரண்டிப் பார்த்துத் தெளிவானபின், அந்த இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டினால் போதும்.